மிதிவண்டியில் நாடு காண்போம்

கல்வி என்பது நூல்களால் மட்டும் நிரம்புவதன்று. கண்ணாற் கண்டும் காலால் நடந்தும் பெறும் அறிவே ஏட்டறிவுக்கு உயிரூட்டுகிறது. இதனை உணர்ந்தே பள்ளிகள் ஆண்டுதோறும் மாணவரைச் சுற்றுலாவிற்கு அழைத்துச் செல்கின்றன. ஆயின், அச்சுற்றுலா பெரும்பாலும் எவ்வாறு நடைபெறுகிறது? இரவிற் புறப்பட்ட பேருந்து விடியலில் ஓரூரில் நிற்கிறது. மாணவர் உறக்கம் கலையாமலே இறங்குகின்றனர். ஒரு மணி நேரம் சுற்றுகின்றனர். மீண்டும் ஏறி அமர்கின்றனர். இடையிற் கடந்த ஊர்கள் எவை, ஆறுகள் எவை என வினவினால் விடை கூறுவார் இலர். அவர்கள் தொலைவைக் கடந்தனரேயன்றி நாட்டைக் கண்டாரிலர்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிற் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும், பள்ளியை விட்டு நீங்குமுன் ஒருமுறையேனும் குழுவாகச் சேர்ந்து, மிதிவண்டியில் தம் சொந்த நாட்டைச் சுற்றி வருதல் வேண்டும் என்பதே நம் கருத்து. இதற்குப் பெரும்பொருள் வேண்டா. மூன்று நாள் விடுமுறையும், உடன்வரும் ஆசிரியர் சிலரும், வழியில் தங்கப் பள்ளிக்கூடத் திண்ணையும் இருப்பின் போதும்.

இது புதுமையான எண்ணமும் அன்று. பிரான்சு நாட்டில் 1936-ஆம் ஆண்டு, தொழிலாளர்க்கு ஆண்டுதோறும் இரண்டு வாரம் ஊதியத்தோடு கூடிய விடுமுறை சட்டத்தால் வழங்கப்பெற்றது. ஆலையும் தெருவுமன்றிப் பிறிதறியாத இளைஞர் பலர், அவ்வாண்டுக் கோடையில் மிதிவண்டி ஏறிக் கூட்டங் கூட்டமாக நாட்டுப்புறம் சென்றனர்; தம் நாட்டின் வயல்களையும் ஆற்றங்கரைகளையும் முதன்முறையாகக் கண்டு மகிழ்ந்தனர். இன்றும் அந்நாட்டில் லுவார் ஆற்றை ஒட்டி ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளமுள்ள மிதிவண்டி வழி அமைந்துள்ளது. நம் நாட்டிலும் 1923-ஆம் ஆண்டு பம்பாயினின்று பார்சி இளைஞர் அறுவர் மிதிவண்டியில் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். அவருள் மூவர் 1928-ஆம் ஆண்டு அச்செயலை முற்றுவித்துத் திரும்பினர். உலகைச் சுற்றுதல் சிலர்க்கே இயலும்; இரு மாவட்டங்களைச் சுற்றுதல் நம் அனைவர்க்கும் இயலும்.

'இவ்வறண்ட நிலத்திற் காண்பதற்கு என்ன இருக்கிறது?' என்று சிலர் வினவலாம். இங்கே காண இருப்பது ஒரு கடல்! ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இந்நிலப்பகுதி கடல்நீரின் அடியில் இருந்தது. அக்கடலின் எச்சங்களை இன்றும் காணலாம். பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் ஊரையடுத்த மண் ஓடைகளில், சுருள்வடிவச் சிப்பிகளின் கற்படிவங்கள் காணப்படுகின்றன. சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. அதனை 1940-ஆம் ஆண்டு நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் உலகறியச் செய்தார். கடலுள் வீழ்ந்து மணலுட் புதைந்த மரத்தில், மரப்பொருள் சிறிது சிறிதாக நீங்க, அவ்விடத்தைக் கனிமம் நிரப்பியதால் அது கல்லாயிற்று.

இவற்றைப் பேருந்தில் சென்றும் காணலாமன்றோ எனின், மரத்தைக் காணலாம். நிலத்தைக் காண இயலாது. கரிசல் மண் எங்கே முடிகிறது, செம்மண் எங்கே தொடங்குகிறது, சின்ன வெங்காயம் விளையும் கொல்லை எது, முந்திரிக்காடு எது என்பனவற்றை மிதிவண்டியிற் செல்வோனே அறிவான். மேடேறும்போது மூச்சு வாங்கும். பள்ளத்தில் இறங்கும்போது காற்று முகத்தில் வீசும். நிலத்தின் ஏற்றத்தாழ்வை அவன் தன் கால்களாற் படிக்கிறான். அவ்வாறு படித்த பாடம் எளிதில் மறவாது. கண்ட கற்படிவங்களைப் பெயர்த்தெடுத்து வராமல், கண்ட இடத்திலேயே விட்டு வருதலும் அப்பாடத்தின் ஒரு பகுதியாகும்.

அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி, மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீரைப் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகப் பெறுவது. 2024-ஆம் ஆண்டு உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் அது சேர்க்கப்பெற்றது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் அங்கு வந்து தங்குகின்றன. ஓசையின்றிச் செல்லும் மிதிவண்டியில் சென்று அவற்றைக் காணலாம். கிழக்கே கங்கைகொண்ட சோழபுரத்தில், முதலாம் இராசேந்திரன் 11-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த கோயில் விண்ணளாவி நிற்கிறது. சமவெளியில் நெடுந்தூரம் மிதித்து வந்தவன், அவ்விமானம் சேய்மையிற் சிறிதாய்த் தோன்றி, அணுக அணுக வளர்ந்து பெருகுவதைக் காண்பான். அவன் கொள்ளும் வியப்பு, கோயில் வாயிலில் ஊர்தியினின்று இறங்குவோனுக்கு வாய்ப்பதன்று.

தனியே செல்லாமல் குழுவாகச் செல்லுக என்பது ஏன்? குழுவின் வேகம் என்பது அக்குழுவில் மெல்லச் செல்வோனின் வேகமே. வல்லவன் தன் விரைவை அடக்கிக்கொள்ளவும், மெல்லியவன் தளராது தொடரவும் கற்கின்றனர். ஒருவன் சக்கரத்திற் காற்று இறங்கின் அனைவரும் நிற்கின்றனர். ஒருவன் ஒட்டுப் போட, மற்றொருவன் காற்றடிக்க, வேறொருவன் அருகிலுள்ள வீட்டில் தண்ணீர் வாங்கி வருகிறான். வகுப்பறையில் முதல் மதிப்பெண் பெறுபவன் அங்கே பின்தங்கக்கூடும். கடைசி இருக்கையில் அமர்பவன் வழிகாட்டியாகக்கூடும். மதிப்பெண் பட்டியல் காட்டாத தகுதிகளை மாணவர் ஒருவரிடம் ஒருவர் காண்பதற்கு இதனினும் சிறந்த வாய்ப்பு இல்லை.

மாணவியர்க்கு இது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறுவர். 1990-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாக ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். நகையாடியோர் இருந்தனர், எனினும் அப்பெண்கள் அஞ்சினாரல்லர். தம் வேலைக்கும் சந்தைக்கும் பிறர் துணையை எதிர்பாராது தாமே சென்று வந்தனர். தாய்மார் அன்று வென்றெடுத்த உரிமையை மகளிர் இன்று இழத்தல் தகாது. ஆசிரியைகள் உடன்வர, மாணவியரும் புறப்படுதல் வேண்டும்.

மற்றோர் அச்சம் உண்டு, அது பொய்யன்று. பழங்கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளுக்கு மூலப்பொருள். அதனைச் சுமந்து விரையும் பெருவண்டிகளால் இச்சாலைகளிற் செல்வோர்க்கு இடர் உண்டு. ஆதலின், நெடுஞ்சாலைகளைத் தவிர்த்துச் சிற்றூர்ச் சாலைகளையே தேர்தல் வேண்டும். தை மாதத்து இளவெயிலில், விடிந்தபின் புறப்பட்டு நண்பகலுக்கு முன்னரே தங்குமிடம் சேர்தல் வேண்டும். ஆயினும், ஒரு வினா எஞ்சுகிறது. மூன்று நாள் சுற்றுலாவிற்கு அஞ்சும் நாம், அதே சாலைகளில் நாள்தோறும் பள்ளிக்குச் செல்லும் மாணவரைப் பற்றி ஏன் அஞ்சவில்லை? தமிழக அரசு பதினோராம் வகுப்பு மாணவர்க்கு விலையின்றி மிதிவண்டி வழங்கி வருகிறது. வண்டியை வழங்கிய நாடு, அது அச்சமின்றிச் செல்லும் வழியையும் வழங்குதலே முறை. சாலைகளைச் சுற்றி வந்த மாணவர், எங்கே தனிப்பாதை வேண்டும், எங்கே திருப்பம் இடர் மிக்கது எனக் குறித்து வந்து பெரியோரிடம் எடுத்துரைத்தல், குடிமக்களுக்குரிய முதற் கடமையை ஆற்றுவதாகும்.

மாணவர்களே! அரசு அளித்த மிதிவண்டி, பள்ளிப்படிப்பு முடிந்தபின் திண்ணையோரத்தில் துருவேறிக் கிடத்தற்குரியதன்று. அதனைத் துடைத்து, எண்ணெயிட்டு, தடைகளைச் சரிபார்த்து ஆயத்தம் செய்யுங்கள். தோழரை அழையுங்கள், ஆசிரியரை வேண்டுங்கள், பெற்றோரின் இசைவு பெறுங்கள். உங்கள் ஊரின் மண்ணையும் நீரையும் கல்லையும் முதலில் அறிந்துகொள்ளுங்கள். தன் நாட்டை அறிந்தவனே அதன்பால் அன்பு கொள்வான். அன்பு கொண்டவனே அதனைக் காப்பான்.