தெருவில் தொங்கும் முகங்கள்

சென்னையின் தெருப்படங்களைப் பற்றி இலக்கிய நண்பர்கள் கூடிப் பேசும்போதெல்லாம் பேச்சு ஒரே இடத்தில் வந்து நிற்பதைக் கவனித்திருக்கிறோம். கையால் தீட்டிய சினிமா பேனர்கள் போய்விட்டன, ஃப்ளெக்ஸ் வந்து ஊரைக் கெடுத்துவிட்டது என்பதே அந்த இடம். ஒரு பெருமூச்சு, பிறகு ஒரு தேநீர், அத்தோடு விஷயம் முடிந்துவிடும். அந்தப் பெருமூச்சில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைப் பேசாமல் விட்டுவிடுவதால்தான் இன்று நம் சுவர்களில் நடப்பதைப் பற்றிச் சொல்ல நம்மிடம் சொற்கள் இல்லாமல் போகின்றன என்று கருதுகிறோம்.

முதலில், போனது எது என்று பார்க்கலாம்.

சினிமா பேனர் தனியொருவரின் படைப்பன்று, ஒரு பட்டறையின் படைப்பு. கொடுக்கப்பட்ட புகைப்படத்தின் மேல் சிறு சிறு கட்டங்கள் போடுவார்கள். மரச்சட்டத்தில் இழுத்து அறைந்த துணியில் அதே கட்டங்கள் பெரிதாக விரியும். துணிக்கு முதலில் வெள்ளைப் பூச்சு, அதன்மேல் கோட்டுருவம். ஆடை, பின்னணி, எழுத்து ஆகியவற்றைச் சீடர்கள் பார்த்துக்கொள்ள, முகத்தை மட்டும் மாஸ்டர் தம் பொறுப்பில் வைத்துக்கொள்வார். பெரிய பேனர்கள் பல துண்டுகளாகத் தீட்டப்பட்டு, திரையரங்க வாசலில் சவுக்குக் கட்டைகளின் மேல் ஏறிய பிறகே முழு உருவம் கொள்ளும். அருகில் நின்று பார்த்தால் பச்சையும் நீலமும் ஆரஞ்சுமாய்த் திட்டுத் திட்டான வண்ணம். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றால் அந்தத் திட்டுகளே கன்னமாகவும் கண்ணாகவும் கூடிவிடும். படத்தைத் தூக்கியதும் அதே துணியின் மேல் மீண்டும் வெள்ளையடித்து அடுத்த படத்தின் முகத்தைத் தீட்டுவது வழக்கம். ஆகவே அந்த ஓவியங்களில் பெரும்பாலானவை எந்த அருங்காட்சியகத்துக்கும் போய்ச் சேரவில்லை. ஒரு முகத்தின் கீழ் இன்னொரு முகமாக மறைந்துபோயின.

1957-இல் ‘வணங்காமுடி’ வெளியானபோது சென்னை சித்ரா திரையரங்கில் சிவாஜி கணேசனுக்கு வைக்கப்பட்ட எண்பது அடி உருவத்தைப் பற்றித் திரையுலக வரலாறு எழுதுபவர்கள் இன்றும் குறிப்பிடுவார்கள். மோகன் ஆர்ட்ஸ் செய்தது அது. இங்கே அளவைக் காட்டிலும் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. புகைப்படம் கறுப்பு வெள்ளையில் இருந்த காலத்தில் அந்த முகத்துக்கு என்ன நிறம் என்று முடிவெடுத்தவர் ஓவியர். எம்.ஜி.ஆரின் கன்னத்தில் ரோஜா நிறம் ஏறியதும், வில்லனின் நெற்றியில் பச்சை நிழல் விழுந்ததும் எந்தக் கேமராவும் கண்ட காட்சிகள் அல்ல. இந்த மனிதரை இந்த ஊர் எப்படிப் பார்க்க விரும்புகிறது என்று ஒரு கண் யோசித்து, ஒரு கை செய்த தீர்மானங்கள் அவை. அதனால்தான் ஒரே நடிகரின் முகம் பட்டறைக்குப் பட்டறை மாறியது. இன்ன முகம் இன்னார் கை என்று தெருவில் நின்றே சொல்லக்கூடிய ரசிகர்களும் இருந்தார்கள்.

இந்தக் கலையைத் தமிழ் இலக்கிய உலகம் எங்கே வைத்தது? எழும்பூர் ஓவியக் கல்லூரியிலிருந்து வந்தவர்களுக்கும், கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-இல் தொடங்கிய சோழமண்டலத்தின் ஓவியர்களுக்கும் சிற்றிதழ்கள் கதவைத் திறந்தன. ஆதிமூலத்தின் கோடுகள் இல்லாமல் நவீனத் தமிழ் நூல்களின் முகப்பை நினைத்துப் பார்ப்பது கடினம். அது பெருமைக்குரிய உறவு, ஐயமில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் அண்ணா சாலையில் லட்சக்கணக்கானோர் நாள்தோறும் பார்த்த ஓவியங்களைப் பற்றி ஒரு விமரிசனக் கட்டுரை தேடினால் கிடைப்பது அரிது. எம்.எஃப். ஹுசைன் பம்பாயில் சினிமா விளம்பரப் பலகைகள் தீட்டியவர் என்பதை நாம் வியப்போடு சொல்லிக்கொள்கிறோம். அந்த வியப்பிலேயே, அங்கிருந்து ‘மேலே’ வந்துவிட்டார் என்ற எண்ணமும் ஒளிந்திருக்கிறது. 2007-இல் சென்னையின் தாரா பதிப்பகம் எம்.பி. தட்சிணா என்ற பேனர் ஓவியரின் கையால் ஒன்பது ரசங்களையும் தீட்டச் செய்து ஒரு நூல் கொண்டுவந்தது. அதற்குள் பேனர் தொழில் ஏறத்தாழ முடிந்திருந்தது. கலை இறந்த பிறகு அதற்குக் கலை என்ற பட்டம் கிடைப்பது நம் ஊரில் புதிதன்று.

இப்போது அந்த மீதிப் பாதிக்கு வருவோம்.

ஃப்ளெக்ஸைத் திட்டுவது எளிது. இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டில் அது பரவிய வேகத்தில் பட்டறைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. நாலைந்து நாள் வேலையை ஓர் இரவில் முடிக்கும் இயந்திரத்தோடு கை போட்டியிட முடியாது. ஆனால் அந்த இயந்திரம் இன்னொன்றையும் செய்தது. அதுவரை தெருவில் பெரிதாகத் தெரியும் உரிமை நடிகருக்கும் தலைவருக்கும் மட்டுமே இருந்தது. ஃப்ளெக்ஸ் வந்த பிறகுதான் காதுகுத்துக்கு மடியில் உட்காரும் குழந்தையும், மஞ்சள் நீராட்டு விழாப் பெண்ணும், ஆட்டோ நிறுத்தத்து நண்பர்களும், கண்ணீர் அஞ்சலிக்குரிய ஆயாவும் தங்கள் தெருமுனையில் பத்தடி உயரத்தில் நின்றார்கள். வாழ்நாளில் ஒருமுறையும் பத்திரிகையில் படம் வராத குடும்பம், செத்துப்போன தன் மூத்தவளின் முகத்தைத் தெருவே பார்க்கும்படி வைக்கிறது. அதில் எழுத்துப்பிழை இருக்கலாம், மின்னல் வெட்டும் பின்னணி இருக்கலாம், அருகில் ஒரு சிங்கமும் இருக்கலாம். அதைப் பார்த்து நாம் முகம் சுளிப்பது ரசனையினாலா, அல்லது அந்த முகங்கள் அந்த உயரத்தில் இருப்பது நமக்குப் பழக்கமில்லை என்பதாலா? வாசக அன்பர்கள் தங்களுக்குள் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

ஃப்ளெக்ஸின் மீது நமக்குள்ள வழக்கு அதன் மலிவோ பகட்டோ அன்று. ஒரு ஃப்ளெக்ஸின் அடியில் வரிசையாக இருபது பெயர்களும் இருபது முகங்களும் இருக்கின்றன. ‘இவண்’ என்று வட்டச் செயலாளர் முதல் தம்பிமார் வரை அனைவரும் இருக்கிறார்கள். ஆனால் அந்த முகத்தை நின்று பார்த்து, இது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர் என ஒருவர் அதில் இல்லை. கைப்பேசியில் எடுத்த படம் கணினிக்குப் போய், அங்கிருந்து இயந்திரத்துக்குப் போய், பெரிதாகி வருகிறது. ஒருவரும் பாராத முகம் ஊரெல்லாம் தெரிகிறது. பார்த்தவர் இல்லை என்றால் பொறுப்பானவரும் இல்லை. இது வெறும் அழகியல் விவகாரம் அன்று. 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில், அரசியல் பிரமுகர் ஒருவர் வீட்டுத் திருமணத்துக்காகச் சாலை நடுவில் கட்டியிருந்த பேனர் சரிந்து, இருசக்கர வண்டியில் வந்த இளம்பெண் ஒருவர் நிலைகுலைந்து விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி மோதி உயிரிழந்தார். கட்டியவர் யார், அச்சிட்டவர் யார், அனுமதித்தவர் யார், அனுமதி உண்டா என்று ஊரே கேட்டது. சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகப் பேசியது. கட்சிகள் பேனர் வேண்டாம் என்று தொண்டர்களுக்கு அறிக்கை விட்டன. அந்த அறிக்கைகளின் ஆயுள் எவ்வளவு என்பதை இன்றைய தெருக்களில் நடப்பவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அரசு சுவர்களுக்கு என்ன செய்தது? 2008-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் சென்னையின் ராட்சத விளம்பரப் பலகைகள் இறக்கப்பட்டன. அடுத்து, 2009-10 ஆண்டுகளில், மாநகராட்சி அண்ணா சாலை, காமராசர் சாலைச் சுவர்களில் சுவரொட்டிகளைத் தடைசெய்து ஓவியங்கள் தீட்டச் செய்தது. வேலையிழந்த பேனர் ஓவியர்கள் பலருக்கு அதில் பணி கிடைத்தது. நல்ல காரியம். ஆனால் அவர்களிடம் கேட்டுப் பெற்றது என்ன? மாமல்லபுரம், பரதநாட்டியம், ஏறு தழுவுதல், கோவில் கோபுரம். வாழ்நாளெல்லாம் மனித முகத்தையே கற்றவர்கள் சுற்றுலாக் கையேட்டின் பக்கங்களைச் சுவரில் பெயர்த்துக் கொடுத்தார்கள். நகரத்தின் சொந்தப் பண்பாடான சினிமாவும் தெருவும் அந்தச் சுவர்களில் ‘பண்பாடு’ ஆகவில்லை. அதிகாரபூர்வமான அழகு என்பது எப்போதும் இறந்தகாலத்திலேயே இருக்கிறது.

இந்த வரிசையில் கடைசியாகச் சொல்ல வேண்டியது கண்ணகி நகர். 2019-இல் விபத்து நடந்த அதே சாலை கிழக்கே போய்ச் சேரும் துரைப்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது அது. நகரத்தின் நடுவிலும் ஆற்றங்கரைகளிலும் வாழ்ந்தவர்களை 2000-ஆம் ஆண்டு முதல் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம். 2020-இன் தொடக்கத்தில், ஒரு கலை அறக்கட்டளையும் வண்ண நிறுவனம் ஒன்றும் மாநகராட்சியும் சேர்ந்து அதன் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்களைத் தீட்டச் செய்தன. அவற்றுள் ஒன்றில், மாடி உயரத்துக்கு, அங்கேயே வாழும் இரண்டு சிறுமிகள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தச் சுவரின் முன் நின்றபோது நமக்கு இரண்டு எண்ணங்கள் ஒருசேர எழுந்தன. பேனரிலிருந்த கண்ணும் கையும், ஃப்ளெக்ஸிலிருந்த சாதாரண மனிதரின் முகமும் இங்கே ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. நடிகரல்லாத, தலைவரல்லாத ஒரு குழந்தையை ஒருவர் நின்று நிதானமாகப் பார்த்திருக்கிறார். அது பெரிய விஷயம். இன்னோர் எண்ணம் அவ்வளவு இனிப்பானதன்று. ஊரின் நடுவிலிருந்து அகற்றப்பட்டவர்களின் முகம், அவர்கள் அகற்றப்பட்ட இடத்தில் வைத்துத்தான் அழகாகத் தீட்டப்படுகிறது. அந்தச் சிறுமிகள் அண்ணா சாலைச் சுவரில் சிரித்திருந்தால் இந்நகரம் அதை எப்படி எடுத்துக்கொண்டிருக்கும்? வண்ணத்தைப் பார்க்கப் பேருந்து பிடித்து வருபவர்கள், வேலைக்குப் போக அங்கிருந்து தினமும் பேருந்து பிடிப்பவர்களைப் பார்க்கிறார்களா?

இவை விமரிசனத்தின் கேள்விகள். ஒரு நாவலைப் பற்றி, ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி நாம் வழக்கமாகக் கேட்பவை: யார் பார்வை, யாருக்காக, எதை விட்டுவிட்டது? தெருப்படத்திடம் மட்டும் ஒன்று ஏக்கம், அல்லது எரிச்சல், அல்லது ‘அழகாயிருக்கிறது’ என்ற பாராட்டு என்று நிறுத்திக்கொள்கிறோம். எந்தக் கண்காட்சிக்கும் போகாத மக்களுக்கு இந்நகரம் வைத்திருக்கும் ஒரே ஓவியக்கூடம் சுவர்தான். அங்கே மாட்டப்படுவதை மதிப்பிடும் பணியைத் தீர்ப்புகளிடமும் சுகாதாரத் துறையிடமும் ஒப்படைத்துவிட்டு இலக்கியவாதிகள் ஒதுங்கி நிற்பது நியாயமன்று.

எனவே நம் கோரிக்கை சிறியது. இலக்கிய இதழ்கள் நூல் மதிப்புரைக்குக் கொடுக்கும் பக்கங்களில் ஒன்றைச் சுவருக்குக் கொடுக்கலாம். தீட்டியவர் பெயரைத் தேடிக் கண்டு எழுதலாம். பழைய பட்டறைகளில் வேலை செய்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் கண்டு, எந்த நடிகரின் மூக்குக்கு எந்த வண்ணம் கலந்தார்கள் என்று இப்போதே கேட்டுப் பதிவு செய்யலாம். ஒன்றின்மேல் ஒன்றாய் வெள்ளையடித்து மறைந்த முகங்களில் சிலவற்றையாவது அவர்கள் நினைவு இன்னும் வைத்திருக்கும். அதுவும் துணியைப் போலத்தான், நெடுநாள் தாங்காது.