பாஸ்போர்ட் கைமாறும் இடம்

ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்கு பஸ்ஸிலேயே போய்விடலாம் என்றால், "அதென்ன, திருவான்மியூரிலிருந்து பாரிமுனைக்குப் போகிற மாதிரியா?" என்று சிரிப்பீர்கள். ஏறக்குறைய அந்த மாதிரிதான்! வியட்நாமில் உள்ள சைகோனிலிருந்து கம்போடியாவின் தலைநகரான ப்னோம் பென்னுக்குத் தினந்தோறும் பஸ் போகிறது. சைகோனுக்கு இப்போது ஹோ சி மின் நகரம் என்று பெயர். ஆனாலும் ஊர்க்காரர்கள் பழைய பெயரை விடவில்லை. தூரம் சுமார் 230 கிலோமீட்டர், அதாவது சென்னையிலிருந்து சிதம்பரம் போகிற தூரம். எல்லையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து ஆறேழு மணி பிரயாணம். விமானத்துக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பங்குதான் டிக்கெட். முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, கையிலுள்ள பணத்தை எண்ணி எண்ணிச் செலவழித்து ஊர் சுற்றும் இளைஞர்களும் யுவதிகளும் இந்த பஸ்ஸைத்தான் பிடிக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ இப்படிக் கிளம்புகிறேன் என்றால் உடனே "கூடாது" என்று சொல்லிவிடாதீர்கள். எல்லையில் என்ன நடக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

சைகோன் நமக்கு முற்றிலும் அந்நியமான ஊரும் அல்ல. லேவாதேவி செய்யப் போன நகரத்தார்களும், பிரெஞ்சு ஆட்சியில் உத்தியோகம் பார்க்கப் போன புதுச்சேரி, காரைக்கால்காரர்களும் அங்கே வாழ்ந்த காலம் ஒன்று உண்டு. பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. வியட்நாமியப் பெண்களே வந்து ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். நீங்களும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஸ் ஏறலாம்.

வண்டி கிளம்பியதும் கம்பெனிப் பையன் ஒருவன் ஒவ்வொருவரிடமும் வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்வான். இங்கேதான் நம் பெண்களுக்கு அடிவயிறு கலங்கும். "பாஸ்போர்ட்டை உயிர்போலப் பாதுகாத்துக்கொள் என்று அப்பா சொல்லி அனுப்பினாரே, முகம் தெரியாத ஒருவனிடம் கொடுப்பதா?" என்று தோன்றும். நியாயமான பயந்தான். ஆனால் அந்தத் தடத்தில் அதுதான் வழக்கம். பஸ்ஸில் உள்ள அத்தனை பேருடைய புத்தகங்களையும் அடுக்காகக் கட்டி எடுத்துக்கொண்டு போய் உத்தியோகஸ்தரிடம் நீட்டினால் காரியம் சீக்கிரம் முடிகிறது. கொடுப்பதற்கு முன் பையனின் முகத்தையும் பஸ் நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தின் பிரதி ஒன்று தனியே உங்களிடம் இருக்கட்டும்.

வியட்நாம் பக்கத்து எல்லை மோக் பாய். அங்கே எல்லாரும் இறங்க வேண்டும். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நம் பாஸ்போர்ட்டுகளில் தகப்பனார் பெயரும் சேர்ந்திருக்கும் அல்லவா? "முருகேசன்!" என்று ஒருவன் வாய்க்கு வந்தபடி உருட்டிக் கத்தினால், அது மயிலாப்பூரில் ஈஸிசேரில் சாய்ந்திருக்கும் உங்கள் அப்பாவை அல்ல, உங்களைத்தான்! காதைத் தீட்டிக்கொண்டிருங்கள்.

அடுத்தது கம்போடியாவின் பாவெட். கம்போடியாவுக்குச் சுற்றுலா விசா 30 டாலர், எல்லையிலேயே கிடைக்கும். ஆனால் பையன் 35 என்பான். மேலே உள்ள ஐந்து அவன் சிரமத்துக்காம். இந்த ஐந்து டாலருக்காக அங்கே நின்று வாதாடுகிறவர்கள் உண்டு. நாற்பது பேர் பஸ்ஸில் காத்திருக்கும்போது அது எனக்கு அழகாகப் படவில்லை. புறப்படுமுன்பே கம்போடிய அரசாங்கத்தின் இணையதளத்தில் மின்விசா வாங்கிவிட்டால் வாதமே இல்லை. பாவெட்டில் அது செல்லும். அரசாங்கத் தளத்தைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டு அதிகப் பணம் பிடுங்கும் தளங்களும் இருக்கின்றன, ஜாக்கிரதை. எல்லையில்தான் வாங்குவீர்களானால் ஒரு புகைப்படமும் கிழியாத, கசங்காத டாலர் நோட்டுகளும் வேண்டும். ஓரம் கிழிந்த நோட்டை அங்கே யாரும் தொட மாட்டார்கள்.

புத்தகம் திரும்பி வந்ததும் பைக்குள் போட்டுவிடாதீர்கள். முத்திரை விழுந்திருக்கிறதா, தேதி சரியா என்று அங்கேயே பாருங்கள். கெடு தாண்டித் தங்கினால் கம்போடியாவில் நாளுக்குப் பத்து டாலர் அபராதம்.

ஊர் திரும்பும் விமானம் சைகோனிலிருந்துதானா? அப்படியானால் இன்னொரு விஷயம். வியட்நாம் விசா ஒருமுறை நுழைவுக்கானதாக இருந்தால், நீங்கள் மோக் பாயைத் தாண்டிய நிமிஷமே அது தீர்ந்து போயிற்று! பலமுறை நுழையும் மின்விசா 2023 ஆகஸ்டிலிருந்து கிடைக்கிறது. கட்டணம் 50 டாலர். ஒருமுறைக்கானது 25. இங்கே பாதிப் பணத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் எல்லையில் திண்டாட நேரும்.

பாவெட்டில் பஸ் நிற்கும்போது ஜன்னல் வழியாகப் பெரிய பெரிய கட்டடங்கள் தெரியும். அவை சூதாட்ட விடுதிகள். கம்போடியப் பிரஜைகள் அங்கே ஆடச் சட்டம் இடம் தரவில்லை. எல்லை தாண்டி வருகிற அந்நியர்களுக்காகவே கட்டியவை. அந்த ஊரைப் பற்றி வேறொரு சமாசாரமும் உண்டு. "கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றும் வேலை, கை நிறையச் சம்பளம்" என்று ஆசை காட்டிப் பிள்ளைகளைச் சுற்றுலா விசாவில் கம்போடியாவுக்கு வரவழைத்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, அறையில் அடைத்து, இணையத்தில் ஜனங்களை ஏமாற்றும் வேலையைச் செய்யச் சொல்லும் கூட்டங்கள் அந்த நாட்டில் கிளம்பின. பாவெட்டின் பெயரும் அதில் அடிபட்டது. அகப்பட்ட இந்தியர்களில் சுமார் 250 பேரை மீட்டு ஊருக்கு அனுப்பியிருப்பதாக 2024 மார்ச்சில் நம் வெளியுறவு அமைச்சகம் தெரிவித்தது.

ஆகவே சகோதரிகளே, பஸ் பையன் வாங்கிக்கொள்ளும் பாஸ்போர்ட்டைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட வேண்டாம். எல்லை தாண்டியதும் அது திரும்பி வந்துவிடும். "முதலில் டூரிஸ்ட் விசாவில் வா, வேலை உத்தரவு பிறகு தருகிறோம்" என்று யாராவது உங்கள் பிள்ளையிடம் சொன்னால்தான் கவலைப்பட வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு அரசாங்கத்தில் பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். அங்கே போன பிறகு சந்தேகம் தட்டினால், ப்னோம் பென்னில் நம் தூதரகம் இருக்கிறது. அதன் டெலிபோன் நம்பரை இங்கிருந்து கிளம்பும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பாவெட்டைத் தாண்டினால் வழி நெடுக வயலும் பனைமரமுந்தான். தஞ்சாவூர்ப் பக்கம் வந்துவிட்டோமோ என்றிருக்கும். நெயாக் லியூங் என்ற இடத்தில் மேகாங் நதி குறுக்கிடுகிறது. முன்பெல்லாம் பஸ் அங்கே தோணித்துறையில் காத்துக் கிடக்கும். வறுத்த வெட்டுக்கிளியைக் கூடையில் வைத்துக்கொண்டு பெண்கள் ஜன்னலருகே வந்து விற்பார்கள். 2015 ஏப்ரலில் ஜப்பான் உதவியுடன் கட்டிய பாலம் திறந்தது முதல் பஸ் ஒரே ஓட்டமாகத் தாண்டிவிடுகிறது. சைவக்காரர்கள் கையில் பிஸ்கட்டும் பழமும் வைத்துக்கொள்வது நல்லது. காலை பஸ்ஸையே பிடியுங்கள். பிற்பகல் வண்டி என்றால் ப்னோம் பென் போய்ச் சேரும்போது இருட்டிவிடும்.