தாராளம் யாருக்கு?

1991-ல் சந்தையைத் திறந்துவிட்டார்கள். அரசு ஒதுங்கிக்கொண்டது, லைசென்ஸ் ராஜ்ஜியம் ஒழிந்தது, இனித் திறமைக்கே காலம் என்று முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பாடுகிறார்கள் பொருளாதாரப் பண்டிதர்கள். தமிழ் படித்தவன் கேட்கிறேன்: தாராளம் என்றால் அள்ளிக் கொடுப்பது. யார் சொத்தை எடுத்து யாருக்கு அள்ளிக் கொடுத்தீங்க?

செங்கல்பட்டுச் சேரியிலிருந்து பார்த்தால் அரசு எங்கேயும் ஒதுங்கவில்லை. இங்கே கலெக்டராக இருந்த திரமென்ஹீர், நிலமற்ற பறையர்களின் அடிமை நிலையை 1891-ல் அறிக்கையாக எழுதினார். 1892-ல் பஞ்சமி நிலத்துக்கு அரசாணை வந்தது. முதல் பத்து வருஷம் விற்கவே கூடாது, அதற்குப் பிறகும் தலித் அல்லாதவர் கைக்குப் போகக் கூடாது, போனால் செல்லாது. கிராமத்து 'அ' பதிவேட்டில் 'டி.சி. நிலம்' என்று குறிப்பே உண்டு. அப்புறம் எப்படிப் போனது? கடனுக்கும் மிரட்டலுக்கும் கைநாட்டு வாங்கினான் ஊர்க்காரன். கணக்குப்பிள்ளை பெயரை மாற்றி எழுதினான்.

அன்றைக்கு அது ஏர் ஓட்டுகிற மண். சந்தை திறந்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலை, ரிசார்ட், சிறுசேரி மென்பொருள் பூங்கா, கண்ணுக்கெட்டியவரை மனைப்பிரிவு. ஏக்கர்ல பேசினவன் சதுர அடியில பேசுறான். முதலாளிக்கு ஒற்றைச்சாளர அனுமதி. பட்டா கேட்டுப் போகிற எங்க ஜனத்துக்கு 'நாளைக்கு வா'.

1994-ல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தில் இறங்கி அம்பேத்கர் சிலை வைத்தார்கள் நம் மக்கள். சிலையை அகற்றினார்கள். அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நியாயம் கேட்டுத் திரண்டவர்கள்மேல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் பறிகொடுத்தோம். ஒதுங்கிக்கொண்ட அரசின் கையில் துப்பாக்கி எப்படி இருந்தது?

அதே 1994-ல்தான் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. தனித்தொகுதியில் ஜெயிக்கும் நம் தலைவருக்கு நாற்காலி உண்டா என்பதே பல ஊரில் இன்னும் சண்டை. நாற்காலியோடு நாம் நின்றுவிடக் கூடாது. கிராமசபை நம் கைக்கு எட்டுகிற இடம். எந்தெந்த சர்வே எண் டி.சி. நிலம், இன்றைக்கு அது யார் அனுபவத்தில் இருக்கிறது என்று அங்கே உரக்க வாசிக்கச் சொல்வோம். அந்த எண்களில் ஒரு பத்திரமும் பதியாதபடி சார்பதிவாளர் அலுவலகக் கணினியைப் பூட்டச் சொல்வோம். எல்லாத்தையும் கணினியில ஏத்திட்டோம்னு பெருமை பேசுறீங்களே, இதையும் ஏத்துங்க. நல்லாட்சி பற்றி அதற்கப்புறம் எங்களிடம் பேசலாம்.