எது அசல்?

ஐம்பது ஆண்டு கடந்திருக்க வேண்டும். பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. அன்றாடம் சாலையில் ஓட்டவும் கூடாது. 2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள் ‘விண்டேஜ்’ வண்டிக்குத் தரும் இலக்கணம் இது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய்.

பனியன் கம்பெனி ஷிப்டு முடிந்த இரவுகளில், திருப்பூரில் ஒரு தந்தையும் மகளும் துரு சுரண்டி வில்லிஸ் ஜீப் ஒன்றை மீட்டெடுத்தால், அவர்கள் இந்த இலக்கணத்தில் எங்கே நிற்பார்கள்? பெட்ரோல் எஞ்சினை இறக்கி டீசல் எஞ்சின் ஏற்றித்தான் நம் நாட்டு ஜீப்புகள் பல பிழைத்தன. அந்தப் பிழைப்பைப் பிழையென்று தள்ளுவது வரலாற்றையே தள்ளுவதாகும்.

பாடபேதங்களை அழித்துவிட்டுச் சுவடியின் வரலாற்றை எழுத முடியுமா? ஸ்பேனரோடு தந்தை மகளுக்குக் கொடுப்பது பழுதுபார்க்கும் அறிவு. ஓடாத வண்டிக்குப் பார்வையாளர் உண்டு; வாரிசு இல்லை.