கணக்கில் மட்டும் பங்கு

சிறப்புக் கூறுத் திட்டம் 1979-80இல் தொடங்கியது. மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு என்பது அதன் விதி. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் நாம் நூற்றுக்கு இருபது பேர். பங்கு காகிதத்தில் ஒழுங்கா வந்துருது. எப்படி? எல்லாரும் போற ரோட்டுச் செலவுல ஐந்தில் ஒன்றைச் சேரிக்கு என்று எழுதிவிடுகிறார்கள். ரோடு சேரிப் பக்கம் திரும்புவதே இல்லை. டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டுக்கு இந்தப் பணம் போனதை உள்துறை அமைச்சர் சிதம்பரமே 2010இல் மாநிலங்களவையில் ஒப்புக்கொண்டார்.

ஆய்வுக் கூட்டத்தில் ஒரே கேள்விதான்: "எவ்வளவு செலவாச்சு?" நான் கேட்கிறேன்: யாருக்கு ஆச்சு? தமிழ்நாட்டில் 2024இல் சட்டமே வந்துவிட்டது. தோழர்களே, சட்டத்தைக் கும்பிட வேண்டாம். தெருவாரியாகக் கணக்குக் கேட்போம். நாம கேக்கறது பிச்சையில்ல, பங்கு.