தொண்டையில் ஒரு கறுப்பு வளையம்

நாகர்கோவில் பக்கமிருந்து காய்கறி ஏற்றிவரும் சிறு டிரக்குகள் களியக்காவிளை, பாலராமபுரம், கரமனை வழியாகத் திருவனந்தபுரத்தின் பெரிய சந்தையான சாலைக் கம்போளத்தை அடைகின்றன. நெடுஞ்சாலையில் மிடுக்காக ஓடிய பழைய பெட்ரோல் வண்டி, கரமனைப் பாலத்து நெரிசலில் நின்றதும் விக்கும், இருமும், அணைந்தே போகும். டிரைவர் பெட்ரோலைச் சபிப்பார்; மெக்கானிக் சென்சாரைக் காட்டுவார். பல நேரங்களில் குற்றவாளி த்ராட்டில் பாடி.

த்ராட்டில் என்ற ஆங்கிலச் சொல் தொண்டையோடு உறவுடையது. குரல்வளையை நெரிப்பது என்றும் அதற்குப் பொருளுண்டு. எஞ்சினுக்குள் போகும் காற்றை, குழாய்க்குள் சுழலும் ஒரு வட்டத் தகடு கட்டுப்படுத்துகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் தகடு திறக்கும். காலை எடுத்தால் விளிம்பில் மயிரிழை இடைவெளியோ, ஒரு சிறு பக்கவழியோதான் மிஞ்சும். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடுவது அந்தக் காற்றில்தான். அங்கே கறுப்புப் பிசின் படிந்தால் மூச்சு முட்டுகிறது. வேகத்தில் தகடு அகலத் திறந்திருப்பதால் குறை தெரிவதில்லை.

இந்த அழுக்கில் சாலைப் புழுதியின் பங்கு குறைவு. அதை ஏர் ஃபில்டர் தடுத்துவிடும். எஞ்சினின் அடிவயிற்றில் எழும் எண்ணெய் ஆவியை வெளியே விடாமல், மாசு தவிர்க்க, மறுபடி உள்ளிழுத்து எரிக்கிறார்கள். அந்த ஆவிதான் படிகிறது.

பழைய டீசல் வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. டீசலில் காற்றை நெரிக்காமல் எரிபொருளின் அளவையே கூட்டிக் குறைப்பார்கள். 2005இல் டீசல் எஞ்சினோடு வந்த டாடா ஏஸ், நம் ‘குட்டி யானை’, அந்த ரகம். பெட்ரோல் வண்டிகளிலோ, 2000இல் புகை விதிகள் இறுகிய பிறகு கார்புரேட்டர் படிப்படியாக விடைபெற்றது. அதன் இடத்தில் த்ராட்டில் பாடி அமர்ந்தது.

சுத்தம் செய்வது அரைநாள் வேலைகூட இல்லை. எஞ்சின் ஆறியதும் பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுக்க வேண்டும். பிறகு காற்றுக் குழாய், மின் இணைப்பு, பழைய ரகமானால் ஆக்ஸிலேட்டர் கேபிள், கடைசியாக போல்ட்டுகள். அதற்கென விற்கும் திரவத்தைத் துணியில் நனைத்து, தகட்டின் இரு பக்கமும் விளிம்பும் துடைக்க வேண்டும். உப்புத்தாள் கூடாது. சிலவற்றில் உட்சுவரில் மெல்லிய பூச்சு இருக்கும். அது போனால் பாகமே போயிற்று. மோட்டாரால் இயங்கும் தகட்டை விரலால் வலிந்து தள்ளினால் பல்சக்கரம் உடையலாம். தகடு நிற்கும் இடத்தைத் தீர்மானிக்கும் திருகைத் தொடவே வேண்டாம். புது கேஸ்கெட் போட்டு மாட்டினால், முதலில் எஞ்சின் சற்றுத் தடுமாறும். புதிய காற்றளவை அதன் கணினி மறுபடி கற்க வேண்டும். சில வண்டிகளில் அதற்கு ஸ்கேனர் தேவைப்படும்.

இதிலும் தீராவிட்டால் வேறெங்கோ காற்று கசிகிறது என்று தேடலாம். முழு பாகத்தையும் மாற்றச் சொன்னால், பணத்தை எடுக்கும் முன் காற்றுக் குழாயைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். கறுப்பு வளையம் தெரிந்தால் முதல் செலவு துணிக்கும் திரவத்துக்கும்தான். காய்கறி வாடுவதற்குள் சந்தை சேர வேண்டியவருக்கு அந்த வித்தியாசம் பல நாள் வருமானம்.