நூறு கெசமும் இருநூறு உருபாவும்

பள்ளி மணி அடிக்கிறது. வாயிலுக்கு எதிரே பெட்டிக்கடை. கடலையுருண்டைக் குப்பியை அடுத்து வெண்சுருட்டுப் பெட்டி. தூணில் கனன்றுகொண்டிருக்கும் தீக்கயிறு. பதினான்கு அகவைச் சிறுவன் ஒன்று வாங்கிப் பற்றவைக்கிறான். முப்பதாண்டு கரும்பலகைமுன் நின்றவன் யான். இக்காட்சி கண்டு நெஞ்சு வேகாத நாளில்லை.

சட்டம் இல்லையா? உண்டு! 18 அகவை நிரம்பாதார்க்குப் புகையிலைப் பொருள் விற்றலாகாது. கல்விக்கூடத்தைச் சுற்றி 100 கெசத் தொலைவிற்குள் எவர்க்குமே விற்றலாகாது என்கிறது 2003-ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம். மீறினால் தண்டம் எவ்வளவு? மிகுதியாய்ப் போனால் 200 உருபா! 2015-ஆம் ஆண்டின் சிறார் நயன்மைச் சட்டமோ, சிறார்க்குப் புகையிலை கொடுப்பார்க்கு ஏழாண்டு வரை கடுஞ்சிறையும் ஓரிலக்கம் உருபா வரை தண்டமும் வகுத்துள்ளது. ஏட்டிலே ஏழாண்டு, தெருவிலே இருநூறு உருபா. அதையேனும் தண்டுவார் எத்தனை ஊரில் உளர்?

2016 முதல் வெண்சுருட்டுப் பெட்டியின் 85 விழுக்காட்டுப் பரப்பை நோய்ப்படம் நிறைக்கிறது. உதிரியாய் ஒன்று வாங்கும் சிறுவன் கண்ணில் அப்படம் படுவதே இல்லை. பெட்டி கடைக்காரனிடம், நஞ்சு மாணவனிடம்! மராட்டிய மாநிலம் 2020-இல் உதிரி விற்பனையைத் தடுத்தது. கருநாடகம் அகவை வரம்பை 21 ஆக உயர்த்தியது. தமிழ்நாடு அவ்விரண்டிற்கும் முந்தியிருக்க வேண்டாவா?

உள்ளாட்சியின் தனியுரிமம் பெற்ற கடையிலேயே புகையிலை விற்கப்படல் வேண்டும். அக்கடையில் இனிப்பு முதலிய பண்டங்கள் விற்றலாகாது என்று நடுவண் நலத்துறை 2017-இல் மாநிலங்கட்கு எழுதியது. இதுவே சரியான வழி. தண்டத்தைச் செலவுக் கணக்கில் எழுதிவிடுவான் வணிகன்; உரிமம் பறிபோகும் என்றால்தான் அஞ்சுவான்.

‘ஏழைக் கடைக்காரன் பிழைப்பைக் கெடுப்பதா?’ என்பார் சிலர். வாழைப்பழம் விற்கட்டும், மோர் விற்கட்டும், கடலை விற்கட்டும்! நாம் வேண்டாவென்பது பிள்ளைகளின் நுரையீரலை விலைகொள்ளும் ஒன்றை மட்டுமே.

புகையிலை என்று செந்தமிழ்ப் பெயர் பூண்டதனாலேயே அது தமிழன் பொருள் ஆகிவிடாது. அமெரிக்க மண்ணில் முளைத்துப் போர்த்துகீசியர் கப்பலில் வந்திறங்கிய செடி அது. கழக இலக்கியம் அதனை அறியாது. வந்தேறிச் சொல்லை நாவினின்று விலக்கும் நாம், வந்தேறி நஞ்சை நம் பிள்ளைகள் நாவில் வைக்க விடலாமா?

தமிழன்பர்களே! ஊர்மன்றக் கூட்டத்திற்குச் செல்லுங்கள். நகராட்சி உறுப்பினர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பள்ளி மதிலிலிருந்து 100 கெசம் அளந்து கோடிடச் செய்யுங்கள். கோட்டுக்குள் விற்பவனுக்குக் கடையுரிமம் இல்லை என்று முடிவெடுக்கச் செய்யுங்கள். தமிழைக் காக்க எழுந்தோர், அதனைப் பேசப்போகும் மூச்சைக் காவாது விடலாமோ?